டூட்டி இல்லாத நாளில் என்ன ஆகிறது?

நீங்கள் எழுதியிருப்பது நாலே வரி. கொரோனா பெருந்தொற்றின்போது ஹவுஸ் சர்ஜன், அதாவது எம்பிபிஎஸ் முடிக்கும் கட்டத்துப் பயிற்சி மருத்துவர். அப்போது ஆரம்பித்த படபடப்பும் தூக்கமின்மையும் முதுநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டு வந்தும் விட்டபாடில்லை. "எங்கள் பேட்சில் அன்றைக்கு எல்லாருமே அப்படித்தான் இருந்தார்கள். அப்படியென்றால் இது நோயா, இல்லை எனக்குத்தான் தாங்கும் சக்தி குறைவா?" என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் "வெளியே சொன்னால் படிப்புக்கு ஏதாவது ஆகுமா" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். முதல் கேள்வியைக் கேட்க வைத்ததே இந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. நோய் என்று உறுதியானால் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பலவீனம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் மனநல மருத்துவன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. 2020 கடைசியிலிருந்து இரண்டு வருடம், வேலை பார்த்த இடத்தில் பயிற்சி மருத்துவர்களுக்கென்றே வாரத்தில் இரண்டு மாலை தனியாக ஓபி பார்த்தேன். நான் பார்த்தது வந்தவர்களை மட்டும்தான். தானாக வந்தவர்கள் பாதி, அறைத்தோழர் கையைப் பிடித்து இழுத்துவந்தவர்கள் பாதி. வராதவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது என் அனுபவத்துக்கு வெளியே. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். நாலு வரியை வைத்து உங்களுக்கு இன்னதுதான் என்று நான் பெயர் வைக்கப் போவதும் இல்லை.

முதலில், உறுதியாகச் சொல்லக்கூடியது. பயிற்சி மருத்துவர்களின் மனச்சோர்வு கொரோனாவோடு வந்ததல்ல. அமெரிக்காவில் 13 மருத்துவமனைகளில் 740 பயிற்சி மருத்துவர்களை வேலைக்குச் சேரும் முன்பும் சேர்ந்த பிறகும் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. சேரும் முன் மனச்சோர்வு வரம்பைத் தாண்டியிருந்தவர்கள் 3.9 சதவீதம். பயிற்சி ஆண்டுக்குள் அது சராசரியாக 25.7 சதவீதம் ஆனது. ஆட்கள் அதே ஆட்கள். பெரிதாக மாறியது வேலைதான். உங்கள் "தாங்கும் சக்தி" கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. ஆனால் அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது: யாருக்கு அதிகம் வந்தது என்று அதே ஆய்வு பார்த்தபோது, வேலை நேரம், செய்துவிட்ட மருத்துவத் தவறுகள் ஆகியவற்றோடு, முன்பே இருந்த மனச்சோர்வு, கஷ்டமான இளமைக்கால வீட்டுச் சூழல், எளிதில் கலங்கும் சுபாவம் ஆகியவையும் பட்டியலில் இருந்தன. ஆளின் பங்கு உண்டு. அது குற்றமல்ல, அவ்வளவுதான். ஆஸ்துமா உள்ளவர் புகையில் மற்றவர்களுக்கு முன்னால் இருமுவார். அதற்காகப் புகையின் மேல் குற்றமில்லை என்று யாரும் சொல்வதில்லை.

இனி, தலைப்புச் செய்திகளில் வந்த எண்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். 2020 ஜனவரிக் கடைசியில் தொடங்கி பிப்ரவரி முதல் நாட்கள் வரை, சீனாவில் 34 மருத்துவமனைகளில் 1257 மருத்துவப் பணியாளர்களிடம் எடுத்த கணக்கு உலகம் முழுக்கச் சுற்றியது: 50.4 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு, 44.6 சதவீதம் பேருக்குப் பதற்றம். பாதிப் பேர்! ஆனால் அந்த 50.4இல் லேசான அறிகுறிகள் உள்ளவர்களும் அடக்கம். மிதமானது, கடுமையானது இரண்டையும் மட்டும் கூட்டினால் 15 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவுதான் வரும். பெருந்தொற்றுக்கு முந்தைய 54 ஆய்வுகளை, 17,560 பயிற்சி மருத்துவர்களை, ஒன்றாகக் கூட்டிப் பார்த்த 2015ஆம் ஆண்டுக் கணக்கு சொன்ன சராசரி 28.8 சதவீதம். அதற்குள்ளேயே எந்தக் கேள்வித்தாளைப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்து 20.9இலிருந்து 43.2 வரை எண் ஏறி இறங்கியது. ஆக, "முன்பு 28, கொரோனாவில் 50" என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறவர்கள் முழத்தையும் மீட்டரையும் ஒன்றாக அளக்கிறார்கள். பெருந்தொற்று நிலைமையை மோசமாக்கியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை; முதல் வருடத்தில் உலக அளவில் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடின என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. பயிற்சி மருத்துவர்களுக்கு எவ்வளவு கூடியது என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்பவரை மட்டும் நம்பாதீர்கள்.

அந்தக் கேள்வித்தாளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் நீங்களும் எப்போதாவது அதை நிரப்பியிருப்பீர்கள். மனச்சோர்வை அளக்க அதிகம் புழங்கும் பி.எச்.க்யூ-9 என்பது ஒன்பது கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் 27. 10 வந்துவிட்டால் கவனிக்க வேண்டியவர். இதில் தூக்கம் ஒரு கேள்வி, களைப்பு ஒரு கேள்வி, பசி ஒரு கேள்வி, கவனம் சிதறுவது ஒரு கேள்வி. வாரத்துக்கு மூன்று நைட் பார்த்து, சாப்பாட்டை நின்றுகொண்டே விழுங்கும் ஹவுஸ் சர்ஜன் இந்த நான்கிலும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று போடுவார். 12 ஆகிவிட்டது. மனதில் துளி வருத்தம் இல்லாமலேயே வரம்பைத் தாண்டிவிட்டார்! நோய் என்று சொல்ல இது போதாது. எதிலும் ஆர்வமே இல்லை, மனம் கனத்துக் கிடக்கிறது என்ற முதல் இரண்டு கேள்விகளில் ஒன்றாவது பெரும்பாலான நாட்களில் இருக்க வேண்டும். கணக்கெடுப்புகள் பெரும்பாலும் மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடும். நேரில் உட்கார்ந்து கேட்பவர்தான் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு நிறுவனத்தில், பெயரைச் சொல்லவில்லை, பயிற்சி மருத்துவர்கள் எல்லாருக்கும் இதே தாளைக் கொடுத்து மேலே பதிவு எண்ணை எழுதச் சொன்னார்கள். கட்டாகக் கட்டி என்னிடம் அனுப்பினார்கள். எல்லாம் பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். இவ்வளவு சந்தோஷமான டாக்டர்களை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. சாவைப் பற்றிய எண்ணம் குறித்த ஒன்பதாவது கேள்விக்கு ஒருவர் விடாமல் பூஜ்யம். அந்தக் கட்டில் தாள் இருந்தவர்களில் இரண்டு பேர் அதே மாதம் என் மாலை ஓபிக்கு வந்தார்கள். அவர்கள் சொன்னதும் தாளில் இருந்ததும் வேறு வேறு. எனவே எண் கூடுதலாகவும் காட்டும், குறைவாகவும் காட்டும். யார் கேட்கிறார்கள், பெயர் போட வேண்டுமா என்பதைப் பொறுத்தது.

பதற்றத்துக்கு வருவோம், உங்கள் தொல்லை அந்தப் பக்கம்தான் சாய்வதுபோல் தெரிகிறது. ஒரு பயிற்சி மருத்துவர், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், கொரோனா வார்டு டூட்டி முடிந்து அறைக்கு வந்ததும், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பார்ப்பார். 98. நிம்மதி. கழற்றிவைப்பார். பத்து நிமிஷம் கழித்து ஒரு சந்தேகம். மறுபடி மாட்டினால் 97. ஏன் குறைந்தது? ஒரு புள்ளி குறைந்ததற்கு ஒன்றரை மணி நேரம் தூக்கம் போகும். விரல் சில்லிட்டிருந்தால் அந்தக் கருவி தப்பாகக் காட்டும் என்பது அவருக்குத் தெரியாதா? அன்றைக்குக் காலையில்தான் அதையே ஒரு நோயாளியின் மகனுக்குப் பொறுமையாக விளக்கியிருந்தார். ஒரே ராத்திரியில் முப்பது தடவைக்கு மேல் மாட்டியதாகச் சொன்னார். சொல்லும்போது சிரித்தார், பிறகு அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது.

இதில் அறிவுக்குக் குறைச்சல் இல்லை. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் ஒரு நிமிஷம் நிம்மதி கிடைக்கிறது. "பார்த்ததால்தான் தப்பித்தோம்" என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் பார்க்கச் சொல்கிறது. அதனால் "உனக்கு ஒன்றும் இல்லை" என்று நான் நூறு தடவை சொல்வதும் ஆக்ஸிமீட்டரைப் போலத்தான் வேலை செய்யும், ஒரு நிமிஷ நிம்மதி. நாங்கள் செய்தது தள்ளிப்போடுவது. முதலில் பத்து நிமிஷம், பிறகு அரை மணி, பிறகு ராத்திரிக்கு ஒரு தடவை. மூன்றாவது வாரம் அதை வார்டிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார். வைத்த கையோடு கழுத்து நாடியைப் பிடித்து எண்ண ஆரம்பித்தார். அதற்கும் அதே வைத்தியம். குணமாவது நேர்கோட்டில் போவதில்லை என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன்.

அன்றைக்கு அவருக்கு இருந்த பயம் நியாயமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020இல் பெரும்பகுதி தடுப்பூசி இல்லாமலே போனது. பிபிஇ என்ற பாதுகாப்பு உடைகளுக்குப் பற்றாக்குறை பல நாடுகளில் இருந்தது. வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கு நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோமோ என்பது கற்பனை அல்ல. ஆபத்தின் அளவுக்குத் தக்க பயம் நோயில்லை. "எல்லாருமே அப்படித்தான் இருந்தார்கள்" என்று நீங்கள் சொல்வது அந்த நாட்களுக்குச் சரி. ஆபத்து விலகிய பிறகும் உடம்பு அதே உஷாரில் நிற்கிறதா என்பதுதான் இப்போது கேட்க வேண்டியது. எல்லாவற்றையும் பற்றி ஓயாமல் கவலைப்படும் பொதுப் பதற்றக் கோளாறுக்குப் பாடப்புத்தகம் கேட்பது ஆறு மாதம். மனச்சோர்வுக்கு இரண்டு வாரம். உங்களுக்கு வருடக்கணக்கு ஆகிவிட்டது. பேட்சில் மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள், நீங்கள் மட்டும் இன்னும் இறங்கவில்லை என்றால், "எல்லாரும்" என்ற அந்தச் சொல் இனி உங்களுக்கு உதவாது.

பெருந்தொற்று பயிற்சியில் இருந்தவர்களை இரண்டு எதிரெதிர் பக்கங்களிலிருந்து அடித்தது. இது அதிகம் பேசப்படவில்லை என்பது என் எண்ணம். 2020 மார்ச் நடுவில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் மாணவர்களை நோயாளிகளிடமிருந்து விலக்கிவைக்கச் சொன்னது. அதே நாட்களில் இத்தாலி, மருத்துவர் உரிமத்துக்கான அரசுத் தேர்வையே நீக்கி, சுமார் 10,000 புது மருத்துவர்கள் உடனே வேலைக்கு வர வழிசெய்தது. பிரிட்டனில் இறுதியாண்டு மாணவர்களுக்கு முன்கூட்டியே பட்டம் கொடுத்து வார்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் உட்கார வைக்கப்பட்டவர் "நான் எதற்கும் பயன்படவில்லை" என்று குமைந்தார். உள்ளே தள்ளப்பட்டவர் "நான் இதற்குத் தயாராகவில்லை" என்று நடுங்கினார். இடையில் இன்னொரு கூட்டம், அறுவை சிகிச்சைப் பிரிவு முதுநிலை மாணவர்கள்: அவசரமில்லாத ஆபரேஷன்கள் நின்றுபோய், செய்த ஆபரேஷன்களைக் குறிக்கும் லாக்புக்கில் மாதக்கணக்கில் ஒரு வரிகூட ஏறாமல், கொரோனா வார்டில் ஆக்சிஜன் அளவு எழுதிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் பலர் என்னிடம் வைரஸைப் பற்றிப் பேசவே இல்லை. "மூன்று வருடம் முடித்து வெளியே போனால் எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியுமா, சார்?" என்றுதான் கேட்டார்கள். அது இன்னும் பலருக்குத் தொடர்கிறது. உங்கள் துறை எது என்று எழுதவில்லை. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, சாவுச் செய்தி. பார்வையாளர்களை உள்ளே விடாத நாட்களில், போனில் குடும்பத்துக்குச் சொல்லும் வேலை அநேக இடங்களில் இருப்பதிலேயே இளையவரின் தலையில் விழுந்தது. ஒரு நோயாளியின் காதருகே பிளாஸ்டிக் உறையில் சுற்றிய போனைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் நின்றதாக ஒரு பெண் சொன்னாள். அந்தப் பக்கம் பேரன் பேசிக்கொண்டிருக்கிறான், இந்தப் பக்கம் பதில் இல்லை, கை மரத்துப்போய்விட்டது, கையை மாற்றினால் சத்தம் விட்டுப்போகுமோ என்று மாற்றவில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் அவளிடம் இல்லை, முடிவின் சுமை மட்டும் அவள் கையில். இப்படிப்பட்டதற்கு "அறக்காயம்" என்று ஒரு பெயர் புழங்குகிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜொனாதன் ஷே என்ற மனநல மருத்துவர் 1990களில் முன்வைத்த கருத்து அது, பிறகு மருத்துவமனைகளுக்கும் வந்தது. எனக்குப் பயனுள்ள சொல். ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட நோய்ப்பெயர் அல்ல, அதற்கென்று நிறுவப்பட்ட தனிச் சிகிச்சை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

வேலையால் வரும் களைப்பையும் சலிப்பையும் குறிக்கும் பர்ன்அவுட் என்ற சொல்லும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் அது நோயாக இல்லை, வேலையோடு தொடர்புடைய நிலை என்றுதான் இருக்கிறது. வெளியே சொல்லக் கூச்சமில்லாத சொல் என்பதால் டாக்டர்கள் மனச்சோர்வையும் அதே பையில் போட்டுக்கொள்வார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு ஒரு சின்ன ஆய்வு எனக்குப் பிடிக்கும். 2008இல் வந்தது, மூன்று குழந்தைகள் மருத்துவமனைகளில் 123 பயிற்சி மருத்துவர்கள். மனச்சோர்வு இருந்தவர்கள் மருந்து எழுதுவதில் மற்றவர்களைவிட ஆறு மடங்கு தவறு செய்திருந்தார்கள். பர்ன்அவுட் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே அப்படி வித்தியாசம் இல்லை. மனச்சோர்வு இருந்தவர்கள் 24 பேர்தான் என்பதால் அந்த ஆறு என்ற எண்ணைத் தூக்கிப் பிடிக்க மாட்டேன். திசை சரி.

இரண்டையும் பிரிக்க நான் ஓபியில் கேட்கும் கேள்வி ஒன்று. "டூட்டி இல்லாத நாளில் என்ன ஆகிறது?" களைப்புதான் என்றால் நன்றாகத் தூங்கி எழுந்த இரண்டாம் நாள் ஆள் மெல்லத் திரும்புவார்; பசி வரும், யாரையாவது கூப்பிட்டு அரட்டை அடிக்கத் தோன்றும். மனச்சோர்வில் லீவு நாள் இன்னும் மோசமாக இருக்கும். வார்டில் வேலை இழுத்துக்கொண்டு போகிறது. அறையில் இழுக்க ஆளில்லை. ஒரு முதுநிலை மாணவர் தன் ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார்: வெளியே கிளம்பலாமென்று கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலுக்கு ஷூ மாட்டினார், அடுத்த கால் வரை போக முடியவில்லை. ஒற்றை ஷூவோடு நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். அழவில்லை, எதையும் நினைக்கவுமில்லை. அவரே சொன்ன வார்த்தை, "கரண்ட் போன மாதிரி." திங்கட்கிழமை ரவுண்ட்ஸில் கேஸ் சொன்னபோது யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இது என் கைக்கணக்கு, ஆய்வில் நிறுவிய விதி அல்ல. பதற்றம் மட்டும் உள்ளவர்களிடம் இது சில சமயம் தவறும், ஏனென்றால் அவர்களில் சிலருக்கு லீவு நாளில் நன்றாகவே இருக்கும், ஞாயிறு சாயங்காலம்தான் வயிற்றைப் பிசையும். பெருந்தொற்றின் உச்சத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாமல் போனது. டூட்டி முடிந்தால் தனிமைப்படுத்தல், அதற்கு லீவு என்று எப்படிப் பெயர் வைப்பது? இப்போது உங்களுக்கு லீவு என்று ஒன்று இருக்கிறது. அடுத்த இரண்டில் கவனியுங்கள்.

உடம்புக் காரணங்களை விட்டுவிடக் கூடாது, டாக்டர்கள் தங்கள் விஷயத்தில் அதைத்தான் முதலில் விடுவார்கள். படபடப்பு என்றால் தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் பார்த்துவிட வேண்டும். கொரோனா வந்து போயிருந்தால், எழுந்து நின்றதும் நாடி எகிறுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு அது தொற்றின் மிச்சம், மனதின் வேலை அல்ல. நைட்டில் எத்தனை காபி என்றும் நேர்மையாக எண்ணுங்கள்.

சிகிச்சை பலிக்குமா? பலிக்கும். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சைக்கும், எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளுக்கும் பல பத்தாண்டு ஆதாரம் இருக்கிறது. பயிற்சி மருத்துவர்களிடமே செய்த சோதனையும் உண்டு: பயிற்சி ஆண்டு தொடங்கும் முன் 199 பேரில் ஒரு பகுதியினருக்கு இணையவழி சிபிடி நாலு பாடம் கொடுத்தார்கள், அந்த ஆண்டில் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் அந்தக் குழுவில் 12 சதவீதம், மற்றதில் 21 சதவீதம். 2015இல் வந்த ஆய்வு. பெரிதல்ல, ஆனால் செலவில்லாத விஷயத்துக்கு இது நல்ல பலன்.

மருந்து விஷயத்தில் ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள். என்னிடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே எதையாவது போட்டுக்கொண்டுதான் வந்தார்கள். நைட் முடிந்து பகலில் தூங்க அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை, பிறகு அது இல்லாமல் தூக்கம் வராது என்ற நிலை, பிறகு அதன் அளவு. வார்டு வராந்தாவில் சீனியரிடம் "அண்ணா, எனக்கு ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டு எஸ்எஸ்ஆர்ஐ ஆரம்பித்தவர்களும் உண்டு. அது வேலைசெய்ய இரண்டு முதல் நாலு வாரம், சில சமயம் இன்னும் கூட ஆகும். முதல் சில நாட்களில் படபடப்பைக் கூட்டவும் செய்யும். 25 வயதுக்குட்பட்டவர்களை ஆரம்ப வாரங்களில் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பது எச்சரிக்கையாகவே அச்சிட்டிருக்கிறது. இதையெல்லாம் யாரும் வராந்தாவில் சொல்வதில்லை. நாலு நாள் போட்டுவிட்டு "எனக்கு ஒத்துக்கவில்லை" என்று நிறுத்தி, அடுத்த ஒரு வருடம் வைத்தியம் பக்கமே வராமல் போனவர்கள் எனக்குத் தெரியும்.

இப்போது அந்தக் கடைசி வரி. சொன்னால் படிப்புக்கு ஏதாவது ஆகுமா? இங்கே உறுதியான பதில் இல்லை, இடத்துக்கு இடம் விதி மாறும். இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் உள்ளதல்ல: மருத்துவ மாணவர்களைப் பற்றிய 2016ஆம் ஆண்டுத் தொகுப்பில், மனச்சோர்வு இருப்பதாகத் தெரியவந்தவர்களில் சிகிச்சை தேடியவர்கள் 15.7 சதவீதம்தான். அமெரிக்காவில் உரிமம் தரும் வாரியங்கள் பலவும் "உங்களுக்கு எப்போதாவது மனநோய் இருந்ததா" என்றே கேட்டுவந்தன. அவற்றின் கூட்டமைப்பு 2018இல், பழைய கதை வேண்டாம், இப்போது வேலையைப் பாதிக்கும்படி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும் என்று பரிந்துரைத்தது. 2020 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொண்ட நியூயார்க் அவசர சிகிச்சை மருத்துவர் லோர்னா பிரீனின் பெயரில், மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்கென்று 2022இல் அங்கே சட்டமே வந்தது. உங்கள் இடத்துப் படிவத்தை எடுத்து, "எப்போதாவது" என்று இருக்கிறதா, "இப்போது" என்று இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். வதந்தியைவிடப் படிவம் பெரும்பாலும் சாதுவாக இருக்கும்.

இதில் நானே தவறியிருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு பையனிடம் "துறைத்தலைவரிடம் வெளிப்படையாகப் பேசு, புரிந்துகொள்வார்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் புரிந்துகொள்ளவில்லை. அடுத்த ஆறு மாதம் அவன் எந்தச் சின்னத் தவறு செய்தாலும் "மாத்திரை போட்டாயா?" என்று ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் கேட்டார். அதற்குப் பிறகு நான் சொல்வது வேறு. வைத்தியம் பார்ப்பவரிடம் முழுதும் சொல்லுங்கள்; உங்களுக்கு மதிப்பெண் போடுகிறவர் வைத்தியம் பார்ப்பவராக இருக்கக் கூடாது, முடிந்தால் வேறு மருத்துவமனைக்கே போங்கள். துறைக்குத் தெரிய வேண்டியது மருத்துவ விடுப்பு வேண்டும், இத்தனை நாள் வேண்டும் என்பது மட்டும். நோயின் பெயர் அங்கே தேவையில்லை. நல்ல தலைவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் முடியாது.

இதில் விலக்கு ஒன்றுதான். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறது என்றால், அதிலும் எப்படி என்ற யோசனை வரை போகிறது என்றால், ரகசியம், படிப்பு, படிவம் எல்லாம் அப்புறம். அன்றைக்கே, பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உங்கள் இடத்து உதவி எண்ணையும் கூப்பிடலாம். அறையில் இருக்கும் மாத்திரைகளை அவரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. ஆனால் பூஜ்யம் போட்ட தாள்களைப் பார்த்தவன் நான், அதனால் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவைக்கிறேன்.

நிர்வாகங்கள் என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஒரு வாய் மட்டும் பேசிக்கொள்கிறேன். வேலை நேரத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். 2011இல் அமெரிக்காவில் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களின் தொடர் டூட்டியை 16 மணி நேரத்தோடு நிறுத்தினார்கள். வேலை நேரம் வாரத்துக்கு மூன்று மணி குறைந்தது, மனச்சோர்வு குறையவில்லை. ஆளைக் கூட்டாமல் நேரத்தை மட்டும் வெட்டினால் அதே வேலையைக் குறைந்த நேரத்துக்குள் திணிப்பதுதான் நடக்கும். 2017இல் அந்த விதியைத் திரும்பவும் 24 மணி நேரத்துக்குத் தளர்த்தினார்கள். நைட் முடிந்து வந்தவர்களை உட்கார வைத்து மன அழுத்தம் குறைப்பது பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வதற்கு, அந்த ஒரு மணி நேரம் தூங்க விட்டிருக்கலாம் என்பது என் சொந்தக் கருத்து. அந்தப் பிரசங்கத்தைச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

போகும்போது என்ன கொண்டுபோவது என்று சொல்லி முடிக்கிறேன். இரண்டு வாரம், ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது தூக்கம் வந்தது, எப்போது விழிப்பு வந்தது, அன்றைக்கு டூட்டியா லீவா, படபடப்பு எந்த நேரத்தில், அப்போது என்ன செய்தீர்கள். போட்டுக்கொள்ளும் மாத்திரை எல்லாவற்றையும், யாருக்கும் தெரியாததையும் சேர்த்து. உள்ளே போய் உட்கார்ந்ததும் டாக்டர்கள் எல்லாரும் ஒரு காரியம் செய்வார்கள், நீங்களும் செய்வீர்கள்: முதுகை நிமிர்த்திக்கொண்டு, "இருபத்தேழு வயது ஆண், மூன்று வருடமாகப் படபடப்பு" என்று கேஸ் சொல்ல ஆரம்பிப்பீர்கள். என் எதிரில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் தொடங்கினார்கள். நான் அதை முழுதும் கேட்டுக்கொள்வேன். பிறகு கடைசியாக வந்த லீவு நாளைப் பற்றிக் கேட்பேன். அங்கேதான் "ஆண்" போய் "நான்" வரும்.